முதலில் பார்க்கக் கற்றுக் கொடுங்கள்

நம் சங்கத்துக் குடும்பங்களில் சில ஆண்டுகளாக ஒரு புதிய பேச்சு கேட்கிறது. முன்பெல்லாம் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளை என்றால் என்ஜினீயரிங்கா, பேங்க் பரீட்சையா, ரயில்வே பரீட்சையா என்று மூன்றே கேள்விகள்தான். இப்போது நான்காவதாக அனிமேஷன் வந்து சேர்ந்திருக்கிறது. எனக்குத் தெரிந்தே மூன்று வீட்டுப் பிள்ளைகள் அதில் சேர்ந்திருக்கிறார்கள். இன்னும் இரண்டு பேர் விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறார்கள். கட்டணம் லட்சக் கணக்கில். பி.எஃப். பணத்தில் கை வைத்தவரும் உண்டு, ஊரில் மிச்சமிருந்த ஒரு துண்டு நிலத்தை விற்றவரும் உண்டு. பொங்கல் விழாவில் பந்திக்குக் காத்திருக்கும்போது பெற்றோர்கள் என்னிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "சார், எந்த சாஃப்ட்வேர் கத்துக் குடுக்கிற இடத்துல சேர்க்கலாம்?"

கேள்வியே தப்பு என்பது என் அபிப்பிராயம். அதைச் சற்று விரிவாகச் சொல்ல ஆசிரியர் இடம் கொடுத்திருக்கிறார்.

"சிக்னல் பார்த்த ஆளுக்குக் கார்ட்டூனில் என்ன வேலை?" என்று சிலர் நினைக்கலாம். நியாயந்தான். நான் டிப்ளமா படித்தவன். படம் வரையச் சொன்னால் மாவிலைத் தோரணத்துக்கு மேல் வராது. ஆனால் 1983 முதல் 2021 வரை முப்பத்தெட்டு வருஷம் நான் சம்பளம் வாங்கியது, ஓடுகிற வண்டியில் இருக்கும் ஒரு மனிதரின் கண்ணுக்கு ஒரு விளக்கு எப்படித் தெரியும் என்று கவலைப்பட்டதற்காக. புதிதாக ஒரு சிக்னல் கம்பம் நட வேண்டுமானால் சைட்டிங் கமிட்டி என்று ஒன்று போய்ப் பார்க்கும். லோகோ இன்ஸ்பெக்டர், டிராஃபிக் இன்ஸ்பெக்டர், சிக்னல் இன்ஸ்பெக்டர் மூவரும் சேர்ந்து, வளைவு மறைக்கிறதா, மரம் மறைக்கிறதா, எத்தனை மீட்டரிலிருந்து தெரிகிறது என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி விநாடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர் போய்விடும். விளக்கு எரிகிறது, சர்க்யூட் சரி, மீட்டரும் சரி என்று சொல்கிறது. ஆனால் டிரைவர் கண்ணுக்கு அது பின்னாலிருக்கும் கடைத்தெரு விளக்கோடு விளக்காகக் கலந்துவிட்டால் எங்கள் வேலை பாழ். இருப்பது ஒன்று, தெரிவது ஒன்று. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது ரயில்வே.

பழைய கைகாட்டி மரத்தை நினைத்துப் பாருங்கள். கை நேராக நீட்டியிருந்தால் நில், சாய்ந்திருந்தால் போ. சாயங்கால வானத்தில் வண்ணம் எதுவும் தெரியாமல் வெறும் கறுப்பு நிழலாக நின்றாலும் அர்த்தம் புரிந்துவிடும். வார்னர் சிக்னலின் கையை மட்டும் மீன்வால் மாதிரி பிளந்து வைத்தார்கள், உருவத்தாலேயே வேறு என்று தெரியட்டும் என்று. டிஸ்னி ஸ்டூடியோவில் 1930களில் ஓவியர்களுக்குச் சொல்லிக் கொடுத்த பாடங்களில் ஒன்று ஏறக்குறைய இதுவே: பாத்திரத்தை முழுக்கக் கறுப்பாக்கிப் பார், அப்போதும் அவன் என்ன செய்கிறான் என்று தெரிய வேண்டும். கைகாட்டி செய்த பிரிட்டிஷ்காரனும் கார்ட்டூன் போட்ட அமெரிக்கனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதில்லை. ஆனாலும் இருவருக்கும் முதலாளி ஒருவர்தான், மனிதனின் கண்.

நிற்க. விஷயத்துக்கு வருகிறேன்.

சினிமாப் படம் ஏன் அசைகிறது என்று கேட்டால் நாமெல்லோரும் படித்த பதில் ஒன்று உண்டு. விழித்திரையில் பிம்பம் கொஞ்ச நேரம் தங்குகிறது, அதற்குள் அடுத்த பிம்பம் வந்துவிடுகிறது, அதனால் அசைவு தெரிகிறது என்பது அது. இன்றைக்கும் அனிமேஷன் வகுப்புகளில் முதல் நாள் இதைச் சொல்லுகிறார்கள். ஒரு பையனின் நோட்டில் என் கண்ணாலேயே பார்த்தேன். கொஞ்சம் யோசித்தால் இது நிற்காது. பிம்பம் தங்கினால் ஒன்றன்மேல் ஒன்று படிந்து குழம்பத்தானே வேண்டும்? அசைவு எங்கிருந்து வரும்? 1824இல் ரோஜே என்ற லண்டன் மருத்துவர், வேலி இடுக்கு வழியாக வண்டிச் சக்கரம் உருளுவதைப் பார்த்தால் ஆரக்கால்கள் வளைந்து தெரிவதைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். பின்னால் வந்தவர்கள் அதைச் சினிமாவுக்கு விளக்கமாக எடுத்துக்கொண்டு நூறு வருஷத்துக்கு மேல் விடவில்லை.

சரியான இடத்தில் கை வைத்தவர் மாக்ஸ் வெர்தைமர் என்ற மனவியலாளர். அவர் 1910இல் விடுமுறைக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தபோது யோசனை தோன்றி, ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கி, படங்களைச் சுழற்றி அசையவைக்கும் விளையாட்டுப் பொம்மை ஒன்றை வாங்கி, ஓட்டல் அறையிலேயே சோதனையைத் தொடங்கிவிட்டார் என்று சொல்வார்கள். (ரயில் பயணத்தில் யோசனை வரும் என்பதற்கு எனக்குச் சாட்சி தேவையில்லை.) 1912இல் வெளிவந்த அவருடைய ஆய்வு சொன்னது இதுதான். இரண்டு கோடுகளை இரண்டு இடத்தில் மாற்றி மாற்றிக் காட்டுங்கள். நடுவில் இடைவெளி ஐந்தில் ஒரு பங்கு விநாடி இருந்தால் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கோடு தெரியும். மிகவும் குறைத்தால் இரண்டும் ஒரே சமயத்தில் தெரியும். ஆனால் இடைவெளி ஆயிரத்தில் அறுபது பங்கு விநாடி அளவில் இருந்தால், ஒரே கோடு இங்கிருந்து அங்கே போவது தெரியும். போகிற கோடு எங்கும் இல்லை. அதை உண்டாக்குவது நம் மூளை. 1993இல் ஜோசஃப் ஆண்டர்சன், பார்பரா ஆண்டர்சன் என்ற இருவர், பிம்பம் தங்குகிற கதையை இனியாவது விடுங்கள் என்று சினிமாப் பேராசிரியர்களுக்கே எழுத வேண்டியிருந்தது.

நம் பக்கத்தில் இதற்கு ஆராய்ச்சிக்கூடம் வேண்டாம். ஜகத்தாத்ரி பூஜைக்குச் சந்தன்நகர் போயிருப்பீர்கள். தெருவை அடைத்துக்கொண்டு மயில் தோகை விரிக்கும், ரயில் ஓடும், மீன் துள்ளும். ஒரு பல்புகூட இருந்த இடத்தை விட்டு அசைவதில்லை. முன்பு ஒரு சுழலும் உருளை மின்தொடர்பை மாற்றி மாற்றிக் கொடுத்தது. இப்போது அதை எலெக்ட்ரானிக் சர்க்யூட் செய்கிறது. நம் ஊர்த் திருவிழா சீரியல் செட்டும் அதே வித்தைதான். அந்த எலெக்ட்ரீஷியன்கள் எந்தக் கல்லூரியிலும் அனிமேஷன் படித்ததில்லை. ஆனால் எத்தனை பல்பு தள்ளி அடுத்ததை ஏற்றினால் மயில் தோகை விரிக்கும், எத்தனை தள்ளினால் வெறுமனே கண் சிமிட்டும் என்பது அவர்களுக்கு விரல்நுனியில் இருக்கிறது. தெருவில் நின்று பார்த்துப் பார்த்துக் கற்றது அது.

ஆக, நடந்தது என்ன, தெரிந்தது என்ன என்று இரண்டு கணக்கு இருக்கிறது. நடந்ததைத் தெரிந்துகொள்ள நல்ல சினிமாவை ஃபிரேம் ஃபிரேமாக நிறுத்திப் பார்க்க வேண்டும். தெரிவதைப் புரிந்துகொள்ளக் கண் எப்படி வேலை செய்கிறது என்று படிக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் விழுகிற வித்தியாசத்தில்தான் அனிமேஷன்காரருக்குச் சோறு. சாஃப்ட்வேர் வெறும் ஸ்பானர். ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தவனையெல்லாம் நாங்கள் லைனில் விட்டதில்லை.

ஒரு நிஜ சம்பவம். என் நண்பர் ஒருவரின் மகன், கெட்டிக்காரப் பையன், இரண்டு லட்சத்துக்கு மேல் கட்டிப் படித்தான். எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம். பாடத்திட்ட முடிவில் செய்த ஒரு யானையை லேப்டாப்பில் கொண்டுவந்து காட்டினான். தோல் சுருக்கம், காதோரத்து ரோமம், கண்ணில் ஈரம், எல்லாம் பிரமாதம். நடந்தது. ஆடு!

"தம்பி, யானை எந்தக் காலை முதல்ல எடுக்கும்?" என்றேன்.

"நாலு கால் நடைக்கு ஒரு செட்டிங் இருக்கு அங்கிள். அதைப் போட்டா தானா வரும்" என்றான்.

பையனைக் குற்றம் சொல்லமாட்டேன். கோயில் யானை தெருவில் வருகிற ஊரில் அவன் வளரவில்லை. அவனை ஒரு யானையைப் பார் என்று யாரும் சொல்லவும் இல்லை. அன்றைக்கே யானை நடக்கும் ஒரு நிஜப் படத்தை எடுத்து, இருவரும் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தினோம். இடது பின்கால், இடது முன்கால், வலது பின்கால், வலது முன்கால் என்று வருகிறது. வேகமாகப் போகும்போதும் நான்கு காலையும் ஒருசேர அது தரையிலிருந்து எடுப்பதில்லை. ஒரு முழுச் சுற்றுக்கு நாங்கள் பார்த்த யானை ஐம்பது ஃபிரேமுக்கு மேல் எடுத்துக்கொண்டது, அதாவது இரண்டு விநாடி. தம்பியின் யானைக்கு இருபத்துநான்கே ஃபிரேம். கால் ஊன்றியபின் தோள் ஒரு கணம் கழித்து இறங்குகிறது. தலை அதற்கும் பின்னால். காது எல்லாவற்றுக்கும் கடைசி. கூட்ஸ் வண்டி கிளம்பும்போது கேட்டிருப்பீர்களே, என்ஜின் இழுத்ததும் முதல் வேகனிலிருந்து கடைசி வேகன் வரை 'கடக் கடக்' என்று ஒரு இழுப்பு ஓடும். கப்ளிங்கில் இருக்கும் தளர்வு ஒவ்வொன்றாக விறைப்பதால் வருவது அது. யானையின் உடம்பிலும் அந்த இழுப்பு ஓடுகிறது. பையன் மூன்று மணி நேரம் எழுந்திருக்கவில்லை. அவனுடைய அம்மா இரண்டு தரம் காபி கொண்டுவந்து வைத்தார்கள், இரண்டும் ஆறிப்போயிற்று.

கனம் என்பது கண்ணுக்கு வேகத்தால்தான் தெரிகிறது. அமெரிக்காவில் லைபோவிட்ஸ் என்ற மனவியலாளர் 1985இல் லெவல் கிராசிங் விபத்துகளைப் பற்றி எழுதும்போது ஒரு கருத்தைச் சொன்னார். பெரிய பொருள், அதே வேகத்தில் போகும் சிறிய பொருளைவிட மெதுவாகப் போவதுபோலத் தெரிகிறது; அதனால்தான் வருகிற ரயிலைப் பார்த்தும் ஜனங்கள் துணிந்து குறுக்கே போகிறார்கள் என்று. பிறகு நடந்த சோதனைகளும் அதை ஆதரித்தன. கேட் மூடியபின் குனிந்து நுழைபவரை நாம் மடையர் என்று திட்டுகிறோம். அவருடைய கண் அவரை ஏமாற்றுகிறது என்பது எங்களுக்கு வேலையில் சேர்ந்து பல வருஷம் கழித்துத்தான் புரிந்தது. அங்கே ஆளைக் கொல்லுகிற அதே ஏமாற்று, அனிமேஷனில் சோறு போடுகிறது. இந்திய ரயில்வேயின் 150ஆம் ஆண்டுக்காக 2002இல் ஆமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் போலு என்ற யானையை வரைந்து கொடுத்தது. கையில் பச்சை விளக்கோடு நிற்கும் கார்டு யானை. அதை நடக்க வைக்கச் சொன்னால், எவ்வளவு சின்னதாக வரைந்தாலும் மெதுவாக நடக்கவிட்டால் யானை, துள்ளவிட்டால் பொம்மை.

என்ஜினீயர் புத்தி, ஒரு கணக்கும் போட்டுவிடுகிறேன். இருபது மீட்டர் உயரத்திலிருந்து ஒரு தேங்காய் விழுகிறது என்று வையுங்கள். புவியீர்ப்பைப் பத்து என்று எடுத்துக்கொண்டால் சரியாக இரண்டு விநாடி, சினிமாவில் 48 ஃபிரேம். முதல் அரை விநாடியில் ஒன்றேகால் மீட்டர் விழும், அடுத்த அரை விநாடியில் மூன்றேமுக்கால், பிறகு ஆறேகால், பிறகு எட்டேமுக்கால். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு என்ற விகிதம். கலிலியோ கண்டது. இதே காட்சியை இருபத்தைந்தில் ஒரு பங்கு மாடலில் எடுத்தால் மரம் 80 சென்டிமீட்டர், விழ 0.4 விநாடிதான் ஆகும். அப்படியே காட்டினால் குழந்தைகூடப் பொம்மை மரம் என்று சொல்லிவிடும். அதனால் மாடல்களைப் படமெடுக்கிறவர்கள் கேமராவை ஐந்து மடங்கு வேகமாக, விநாடிக்கு 120 ஃபிரேம் என்று ஓட்டினார்கள். இருபத்தைந்தின் வர்க்கமூலம் ஐந்து. பத்தாம் வகுப்புக் கணக்கு இது. நம் பிள்ளைகள் அதைப் பரீட்சையில் எழுதிவிட்டு அங்கேயே விட்டுவிட்டு வருகிறார்கள். அனிமேஷன் வகுப்பில் யாரும் திரும்ப எடுத்துக் கொடுப்பதில்லை.

இன்னொன்று, ஷன்டிங் யார்டில் வேலை பார்த்தவர்களுக்குச் சட்டென்று விளங்கும். ஒரு வேகன் உருண்டுவந்து நிற்கிற வேகனை இடிக்கிறது, நின்றது நகர்கிறது. இடித்ததால் நகர்ந்தது என்று நமக்குத் தெரிகிறது. இதை பெல்ஜியத்தில் மிஷோத் என்ற ஆராய்ச்சியாளர் வெறும் இரண்டு கட்டங்களை வைத்துச் சோதித்து 1946இல் புத்தகமாக எழுதினார். முதல் கட்டம் தொட்டவுடன் இரண்டாவது நகர்ந்தால், அது தள்ளியது என்று எல்லோரும் சொல்கிறார்கள். நடுவில் ஐந்தில் ஒரு பங்கு விநாடி தாமதம் வந்துவிட்டால் போதும், இரண்டாவது தன் இஷ்டத்துக்குப் போகிறது என்கிறார்கள். ஃபிரேம் கணக்கில் ஐந்தே ஃபிரேம். கார்ட்டூனில் ஒருவன் அடிக்க, மற்றவன் அடி வாங்கியதாகவே தெரியாமல் சும்மா விழுகிற காட்சிகளைப் பார்த்திருப்பீர்கள். அங்கே படம் குறையில்லை, ஃபிரேம் எண்ணிக்கைதான் குறை.

சரி, எந்தச் சினிமாவை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது? வங்காளத்தில் வாழும் நமக்கு இந்தக் கேள்வியே தேவையில்லை. சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' (1955), ரயில் காட்சி. ராய் சாந்திநிகேதனில் ஓவியம் படித்தவர், விளம்பர நிறுவனத்தில் வரைந்தவர். இந்தப் படத்துக்கு முழுமையான வசன ஸ்கிரிப்ட்டைவிட அவர் கையில் இருந்தது காட்சி காட்சியாக வரைந்த படங்கள்தான். பால்சிட் பக்கத்தில் நாணல்பூக் காட்டில் ஒருநாள் எடுத்துவிட்டு அடுத்த வாரம் திரும்பிப் போனால், பூவையெல்லாம் மாடு தின்றுவிட்டிருந்தது. மறுவருஷம் பூக்கும்வரை காத்திருந்தார். இது அவரே எழுதியிருப்பது.

அந்தக் காட்சியைக் கவனியுங்கள். ரயிலை உடனே காட்டுவதில்லை. தந்திக் கம்பத்தின் ரீங்காரம் வருகிறது; துர்கா கம்பத்தில் காதை வைத்துக் கேட்கிறாள். பிறகு வெள்ளைப் பூக்களுக்கு மேல் கறுப்புப் புகை. வெள்ளையின்மேல் கறுப்பு நகர்ந்தால் கண் தானாக அங்கே ஓடும். அம்பு போட்டுக் காட்டத் தேவையில்லை. பிள்ளைகள் ஓடுகிறார்கள், அக்கா பின்தங்கிவிடுகிறாள், அப்பு மட்டும் தண்டவாளம் வரை போகிறான். அந்த இடத்தில் கேமரா ரயிலுக்கு மறுபக்கம் போய்விடுகிறது. ஓடுகிற சக்கரங்களின் இடைவெளியில் அந்தப் பையன் தெரிகிறான், மறைகிறான், தெரிகிறான். ரோஜே வேலி இடுக்கில் சக்கரத்தைப் பார்த்தார். ராய் சக்கர இடுக்கில் பையனைக் காட்டுகிறார். துண்டு துண்டாகத்தான் வருகிறான் அவன். ஆனால் நாம் பார்ப்பது முழுப் பையனை. அவன் வாயைப் பிளந்து நிற்பதுகூடத் தெரிந்த மாதிரி இருக்கும். நிறுத்திப் பார்த்தால் அத்தனை விவரம் அங்கே இருக்காது. நாமாக இட்டு நிரப்பியது. எதை வரைய வேண்டும் என்பதைவிட எதை வரையாமல் விடலாம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

நம் கண்ணுக்குக் கூர்மை எவ்வளவு என்று பலருக்குத் தெரியாது. கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்துங்கள். அந்த விரலின் அகலம் எவ்வளவோ ஏறத்தாழ அவ்வளவு இடத்தைத்தான் ஒரு சமயத்தில் தெளிவாகப் பார்க்கிறோம். விநாடிக்கு மூன்று நான்கு தரம் கண் தாவுகிறது. தாவும்போது பார்வை அடங்கிவிடுகிறது. நம்பாவிட்டால் கண்ணாடிமுன் நின்று உங்கள் இடது கண்ணையும் வலது கண்ணையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். கண் நகர்வதை நீங்கள் பார்க்கவே முடியாது. பக்கத்தில் இருப்பவர் பார்ப்பார். லண்டனில் டிம் ஸ்மித் என்ற ஆய்வாளர், 2007இல் வந்த ஓர் அமெரிக்கப் படத்தின் வெட்டே இல்லாத நீண்ட காட்சி ஒன்றைப் பலரிடம் காட்டி, அவர்கள் கண் போன இடத்தைக் கருவியால் பதிவு செய்து 2011இல் வெளியிட்டார். மேசையைச் சுற்றி நாலைந்து பேர், வரைபடம், விளக்கு என்று எவ்வளவோ இருந்தும், பார்த்தவர்களின் கண்ணெல்லாம் பெரும்பாலும் ஒரே நேரத்தில் ஒரே முகத்துக்கும் ஒரே கைக்கும்தான் போயின. அப்படியானால் திரையின் மூலை முடுக்கெல்லாம் இலை இலையாக அசைய வைத்து இரவு பகல் உழைக்கிற பிள்ளை, யாருக்காக உழைக்கிறான்?

பணம் இல்லாதவர்கள்தான் இதை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். தூர்தர்ஷன் காலத்தில் 'ஏக் அனேக் ஔர் ஏக்தா' என்ற குறும்படம் வரும், நினைவிருக்கிறதா? ஃபிலிம்ஸ் டிவிஷனுக்காக விஜயா முலே 1974இல் எடுத்தது, சித்திரம் பீம்சேன். வேடன் வலையைப் பறவைகள் சேர்ந்து தூக்கிக்கொண்டு பறக்கும். எளிய கோடுகள், குறைந்த அசைவு. ஐம்பது வயது ஆளைக் கேட்டாலும் பாட்டோடு சொல்லுவார். இன்றைக்குக் கம்ப்யூட்டரில் ஒரு இறகை ஆயிரம் இழையாகப் பிரித்துச் செய்த படங்கள் மறுநாளே மறந்துபோகின்றன.

எதிர்வாதம் ஒன்று வரும், அதில் உண்மையும் உண்டு. "நிஜத்தை ஃபிரேம் ஃபிரேமாகப் பார்த்து அப்படியே வரைந்துவிட்டால் போயிற்று" என்பது. அது போதாது. நிஜப் படத்தின்மேல் தாளை வைத்து அச்செடுக்கும் கருவியை மாக்ஸ் ஃபிளைஷர் நூறு வருஷத்துக்கு முன்பே செய்துவிட்டார், 1917இல் பேட்டன்ட் கிடைத்தது. டிஸ்னி ஓவியர்களும் அந்த முறையைப் பார்த்தார்கள். அப்படியே அச்செடுத்தால் உருவம் உயிரில்லாமல் மிதக்கிறது என்று கண்டு, நிஜத்தைப் படித்துவிட்டு மூடி வைத்துவிட்டு வரைந்தார்கள். 1878இல் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் வரிசையாகப் பன்னிரண்டு கேமரா வைத்து, ஓடுகிற குதிரையின் நான்கு காலும் தரையை விடும் கணம் உண்டு என்று காட்டினார். (செலவு செய்தவர் ஸ்டான்ஃபோர்ட், ரயில்ரோடு முதலாளி. எல்லாவற்றிலும் எங்கள் துறை மூக்கை நுழைத்திருக்கிறது.) ஆனால் கால்கள் அப்போது வயிற்றுக்கடியில் மடங்கியிருந்தன, முன்னும் பின்னும் விரிந்திருக்கவில்லை. அதற்கு முன் ழெரிக்கோ முதலிய ஓவியர்கள் விரித்துத்தான் வரைந்தார்கள். தப்பு என்று நிரூபணம் ஆகிவிட்டது. இருந்தாலும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், தப்பான குதிரைதான் ஓடுகிறது. சரியான குதிரை தொங்குகிறது. எது நிஜம் என்று தெரிந்து, எவ்வளவு தூரம் பொய் சொல்லலாம் என்று தீர்மானிப்பவர்தான் கலைஞர். நிஜமே தெரியாதவர் சொல்லுகிற பொய் எடுபடாது.

அடுத்தது, எல்லா வீட்டிலும் இப்போது கேட்கும் கவலை. எழுதிக் கொடுத்தால் படமாக ஓட்டிக் காட்டும் நிரல்கள் வந்துவிட்டன, இனி இந்தப் படிப்புக்கு மதிப்புண்டா என்று. நான் மேலே சொன்ன பையனுக்குப் படிப்பு முடிந்ததும் கிடைத்தது, நடிகர் உருவத்தைச் சுற்றி ஃபிரேம் ஃபிரேமாகக் கோடு வெட்டுகிற வேலை. ஒன்றரை வருஷத்தில் அந்த வேலையைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்துவிட்டு ஆளைக் குறைத்தார்கள். அவனுடைய அப்பா வாங்கிய கடனுக்கு இன்னும் தவணை போகிறது. சாஃப்ட்வேர் மட்டும் கற்றவனை சாஃப்ட்வேரே மாற்றிவிடுகிறது. ஆனால் மெஷின் கொடுத்த யானையைப் பார்த்து, "இதற்குக் கனம் இல்லை, பின்கால் தப்பு, தோளை மூன்று ஃபிரேம் தாமதி" என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு எத்தனை இடம் இருக்கும் என்று நான் ஜோசியம் சொல்லத் தயாரில்லை. இருக்கிற இடம் அவனுக்குத்தான் என்பதில் சந்தேகமில்லை.

ஆகவே பெற்றோர்களே, பணம் கட்டுமுன் அந்த அலுவலகத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பிள்ளைகள் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் நிஜ மனிதர்களையும் மிருகங்களையும் பார்த்து வரைவார்கள்? எந்தெந்தப் படங்களை நிறுத்திப் பார்த்து அலசுவார்கள்? கண்ணைப் பற்றிச் சொல்லிக் கொடுக்க யார் இருக்கிறார்கள்? டை கட்டிய இளைஞர் பதிலுக்கு சாஃப்ட்வேர் பட்டியலை மறுபடி ஒப்பித்தால், விண்ணப்பப் படிவத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடலாம்.

ரயில்வேக்காரனுக்கு இதில் என்ன என்று இன்னும் யாராவது நினைத்தால், சாமிக்கண்ணு வின்சென்ட் பெயரைச் சொல்கிறேன். திருச்சியில் ரயில்வே வரைவாளர். 1905இல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரும் படச்சுருள்களும் வாங்கி, வேலையை விட்டு, ஊர் ஊராகக் கொட்டகை போட்டுப் படம் காட்டினார். பிறகு 1914இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் கட்டினார். தென்னாட்டு ஜனங்களில் எத்தனையோ பேர் முதன்முதலாக அசையும் படம் பார்த்தது ஒரு ரயில்வே டிராஃப்ட்ஸ்மேன் தயவில்.

சங்கத்து மேல்மாடியில் புரொஜெக்டர் இருக்கிறது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தவிர அதன்மேல் துணிதான் போர்த்தியிருக்கிறது. மாதத்தில் இரண்டாவது ஞாயிறு காலை பத்து மணிக்கு அதை எனக்குக் கொடுக்கும்படி செயலாளரிடம் எழுதிக் கேட்டிருக்கிறேன். முன்பு இப்படி நிறுத்திப் பார்க்க எடிட்டிங் மேசை வேண்டும். இப்போது லேப்டாப்பில் ஒரு விசை போதும். முதல் வாரம் அப்புவும் ரயிலும். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் யாரும் வரலாம், பெண்பிள்ளைகள் அவசியம் வர வேண்டும். ஒரு கட்டம் போட்ட நோட்டு, ஒரு பென்சில். கால்குலேட்டர் வேண்டாம், வர்க்கமூலம் கையால் போடலாம்.